சிவப்பு நாற்காலியின் பேஷண்ட்

முனிகிருஷ்ணனை ஏமாற்றிவிட்டு நழுவிய பேஷண்ட் இந்தப் பெங்களூரில் இன்னும் பிறக்கவில்லை. மாத்திரையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு ‘முழுங்கிட்டேன்’ என்று வாயைத் திறந்து காட்டியவர்கள், டாக்டரைப் பார்க்கிற அன்று மட்டும் பட்டினி கிடந்து சுகரை இறக்கிக் காட்டியவர்கள், சாமிக்கு விரதம் என்று ஊசியை நிறுத்தியவர்கள் என்று எத்தனையோ பேர் அவர் கையில் மாட்டி, முழி பிதுங்கி, கடைசியில் வழிக்கு வந்திருக்கிறார்கள். ஏழாவதுக்கு மேல் பள்ளிக்கூடத்தின் பக்கம் போகாத மனுஷர். ஆனால் ஒரு வீட்டுக்குள் காலை வைத்ததும், அந்த வீட்டு நோயாளி பொய் சொல்லப் போகிறாரா நிஜம் சொல்லப் போகிறாரா என்று சொல்லிவிடுவார். இந்தப் பெருமையை அவரே பத்துப் பேரிடம் சொல்லிக்கொள்வார் என்பது வேறு விஷயம். சொன்னால் என்ன? இருப்பதைத்தானே சொல்கிறார்.

மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவர். இளவயதில் பீன்யாவில், இரும்புச் சாமானுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வேலை. அங்கேதான் இருமல் பிடித்தது. ஒரு நாள் இருமலோடு ரத்தமும் வந்தது. டிபி என்றார்கள். மாத்திரை சாப்பிட்டுத் தேறினார். தேறியவர் சும்மா இருந்தாரா? பட்டறையில் இருமினவனையெல்லாம் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இதைப் பார்த்த ஒரு தொண்டு நிறுவனம், ‘இதையே சம்பளத்துக்குச் செய்யறியா?’ என்று கேட்டது. அன்றிலிருந்து அவர் ஹெல்த் எஜுகேட்டர். வீடு வீடாகப் போய், வந்திருக்கிற நோய் என்ன, மாத்திரை எதற்கு, சாப்பாடு எப்படி என்று ஜனங்களுக்கு விளங்கும்படி சொல்கிற வேலை. தமிழில் சொல்வார், கன்னடத்தில் சொல்வார், சிவாஜிநகர் சந்துகளில் உருது கலந்து சொல்வார். ஆங்கிலம் மட்டும் பேச வராது; காதில் விழுந்தால் புரியும்.

எஜுகேட்டர்களுக்கு ஒரு சங்கம் வந்ததே தன்னால்தான் என்று அவர் சொன்னால் மௌரீன் சிஸ்டர் சண்டைக்கு வந்துவிடுவார். நர்ஸாக இருந்து, பிறகு சுகர் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வந்த அம்மாள். “நமக்குன்னு ஒரு சங்கம் வேணும் முனி. இல்லன்னா சாகறவரைக்கும் நம்மள டோக்கன் குடுக்கற ஆளாத்தான் வெச்சிருப்பாங்க” என்று முதலில் சொன்னது அந்தம்மாதான். சொன்னது அவர், ஓடியது முனிகிருஷ்ணன். கோலாருக்குப் போனார், ஹாசனுக்குப் போனார், துமகூருக்குப் போனார். எங்கெல்லாம் ஒரு எஜுகேட்டர் தனியாக ஒரு பையை மாட்டிக்கொண்டு வெயிலில் அலைந்துகொண்டிருந்தாரோ அங்கெல்லாம் போய் ஆள் சேர்த்தார். முதல் கூட்டத்துக்கு ஜமக்காளம் விரித்ததும் அவர்தான், மேடையில் வந்தனம் சொன்னதும் அவர்தான். பிற்பாடு சங்கம் பெரிதானதும், கவர்ன்மென்டில் பெரிய பதவியில் இருந்து ரிட்டையரான ஆராவமுதனைத் தலைவராகப் போட்டார்கள். அதில் முனிகிருஷ்ணனுக்கு வருத்தமில்லை. லெட்டர்பேடில் ஒரு படித்த பெயர் இருக்கத்தான் வேண்டும். அவருக்கு வேண்டியது வேறு.

அல்சூரில், ஒரு தையல்கடைக்கு மேலே சங்கத்துக்கு ஓர் அறை உண்டு. சனிக்கிழமைதோறும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த எஜுகேட்டர்கள் அங்கே வருவார்கள். அவர்களைப் பழக்குவது முனிகிருஷ்ணன். பழக்குகிற விதம் அவருடைய சொந்தச் சரக்கு. அந்த அறையில் எல்லா நாற்காலியும் வெள்ளை. ஒன்றே ஒன்று சிவப்பு. அவரே வாங்கிப் போட்டது. அதில் உட்கார்ந்துவிட்டால் அவர் முனி சார் இல்லை, பேஷண்ட். எழுந்தால்தான் மறுபடி சார். உட்கார்ந்திருக்கிறவரை யாரும் அவரை சார் என்று கூப்பிடக் கூடாது. நிஜமாக ஒரு வீட்டுக்குப் போனால் எப்படியோ அப்படியே செய்ய வேண்டும். வணக்கம் சொல்லி, உட்காரலாமா என்று கேட்டு, தாங்கள் யார் என்று சொல்லி ஆரம்பிக்க வேண்டும். செய்த தப்பைப் பிறகு போட்டுப் பார்ப்பதற்காக போனில் வீடியோப் படம் எடுப்பார்கள். அதற்கும், ‘படம் எடுக்கலாமா? மத்தவங்களுக்குப் பாடமா காட்டலாமா?’ என்று பேஷண்டைக் கேட்டுச் சம்மதம் வாங்கித்தான் எடுக்க வேண்டும்.

அந்த நாற்காலியில் அவர் எத்தனையோ பேராக உட்கார்ந்திருக்கிறார். இரண்டாம் மாதமே டிபி மாத்திரையை நிறுத்திவிட்ட ஆட்டோ டிரைவர், பிள்ளைக்கு ஊசி போட விடாத தகப்பன், எதற்கெடுத்தாலும் அழுகிற கிழவர். அவற்றிலெல்லாம் உச்சம் மர்பி டவுன் மாமா. சுகர் இருந்தும் இல்லை என்று சாதிக்கிற ஆள். மாமாவிடம் மாட்டிக்கொண்டு கண் கலங்காமல் போன புது எஜுகேட்டர் கிடையாது.

நாற்காலிக்கு வெளியே அவர் சொல்லித்தருவது இரண்டே பாடம். ஒன்று: “வாசப்படிக்கு உள்ள கேட்டது வாசப்படிக்கு உள்ளயே இருக்கணும். வெளிய போச்சுன்னா, அடுத்த தடவ கதவு தொறக்காது.” இன்னொன்று: “மாத்திர சாப்ட்டியான்னு கேக்காத. ஆமான்னு சொல்லி உன்ன அனுப்பிச்சுடுவான். இன்னிக்கு எப்படிப் போச்சு, காலையிலேர்ந்து சொல்லுங்கன்னு கேளு. அவன் பாட்டுக்குக் கதை சொல்லட்டும். கதைக்குள்ள மாத்திர வருதா இல்லியான்னு நீ காதுல வாங்கு.”

இவ்வளவு செய்தும் அவருக்குப் பட்டம் எதுவும் இல்லை. சங்கத்தில் பயிற்சித் தலைவர் என்று ஒரு பதவி உண்டாக்கப் போவதாக ஆராவமுதன் அறிவித்தபோது, “வேற யாரு, முனிதான்” என்று மௌரீன் சிஸ்டர் சொல்லிவிட்டார். போட்டிக்கு யாரும் வரவில்லை. ஆண்டுக்கூட்டத்தில் பெயரை முன்மொழிந்து கையைத் தட்டினால் முடிந்தது. ஏழாவது படித்தவன், எம்.ஏ. படித்தவர்களுக்குத் தலைவர். முனிகிருஷ்ணன் சங்கத்து அறைக்குக் கீழே இருக்கும் தையல்காரரிடமே வெள்ளைச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்தார். காலர் கொஞ்சம் விறைப்பாக இருக்கட்டும் என்றார்.

பார்கவி அந்தச் சமயத்தில்தான் வந்து சேர்ந்தாள். சந்தாபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண். சமூகப்பணி படித்துப் பட்டம் வாங்கியவள். முதல் நாளே மாமாவிடம் மாட்டிக்கொண்டாள்.

“வணக்கம் மாமா, நான் பார்கவி...”

“எந்த பார்கவி? சீட்டுக் கம்பெனியா? எங்க வீட்டம்மா ஏற்கெனவே ரெண்டு சீட்டு கட்டறா, போ.”

“இல்ல மாமா, உங்களுக்கு சுகர் இருக்கறதப் பத்தி...”

“யாருக்கு? எனக்கா? எங்கப்பன் ஒரு தம்ளர் டீக்கு மூணு ஸ்பூன் சக்கர போட்டுக் குடிச்சான். தேக்குக் கட்ட மாதிரி இருந்தான். கண்ணாடிய போட்டுக்குனு வந்து நிக்கறியே, மொதல்ல உன் கண்ண சரி பண்ணிக்கோ, அப்புறம் என் ஒடம்பப் பாக்கலாம்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். பார்கவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். முனிகிருஷ்ணன் எழுந்து சாராகி, அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். “அழுதியா? பேஷ். அழுதவங்கதான் இந்த வேலையில நிக்கறாங்க. சிரிச்சவங்க அடுத்த வாரம் வர்றதில்ல.”

அவள் அடுத்த வாரம் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, மாமாவின் பாதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “கால் எரியுதா மாமா? செருப்ப ஒதறி ஒதறிப் போடறீங்க.”

“எரிஞ்சா உனக்கென்ன, விசிறி விடப்போறியா?” என்றார் மாமா. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். என்ன நடிப்பு! எரிச்சலை எங்கிருந்தோ தேடிக்கொண்டு வர வேண்டியிருக்கவில்லை என்பது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். கால் எரியத்தான் செய்தது. ராத்திரி எழுந்து எழுந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கத்தான் செய்தார். வயசானால் வருவதுதான் என்று விட்டுவிட்டார். ஊருக்கெல்லாம் சொல்கிறவருக்கு, தனக்கு என்று வரும்போது அப்படித்தான் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை அவள் பையிலிருந்து சுகர் மெஷினை எடுத்தாள். “கை பழகணும் மாமா, ஒரே ஒரு சொட்டு.” வேஷத்தில் இருந்தவர் விரலை நீட்டினார். எண் முந்நூறைத் தாண்டிப் போய் நின்றது. அறையில் அதைப் பார்த்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

சடக்கென்று எழுந்து சாரானார். “பேட்டரி போயிருக்கும். மாத்து.”

அவள் மெஷினை மூடினாள். அடுத்த வாரம், “இன்னிக்கும் மாமா கேஸே பண்ணலாமா சார்? எனக்கு அதுதான் சரியா வரல” என்றாள்.

அதற்குப் பிறகு வாரா வாரம் மாமாதான். மற்றவர்கள் டிபிக்கும் கர்ப்பிணிக்கும் நகர்ந்துவிட்டார்கள்; அவள் மாத்திரம் மாமாவை விடவில்லை. எல்லோரும் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு நாற்காலியின் முன்னால் உட்கார்ந்து, இன்னிக்கு எப்படிப் போச்சு, காலையிலேர்ந்து சொல்லுங்க மாமா என்று ஆரம்பிப்பாள். முனிகிருஷ்ணனுக்கு நெஞ்சு விம்மியது. இப்படி ஒரு சிஷ்யை யாருக்குக் கிடைக்கும்? நடுவில் அவர், தன்னை யாருக்கும் தெரியாத ஓர் இடத்தில், யாருக்கும் தெரியாத டாக்டர் ஒருவரைப் போய்ப் பார்த்தார். சிவாஜிநகரில் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விடியற்காலையில் அல்சூர் ஏரியைச் சுற்றி நடந்தார். மாமாவும் நாற்காலியில் உட்கார்ந்து, நடக்க ஆரம்பித்திருப்பதாகவும் கால் எரிச்சல் குறைந்திருப்பதாகவும் அரைமனதாக ஒப்புக்கொண்டார். வேஷம் என்றால் அதற்கு ஒரு வளர்ச்சி வேண்டாமா?

வீட்டில் மட்டும் ஒரு குறை. மனைவி சந்திரம்மா வைக்கும் சாம்பாரில் ருசி போய்விட்டிருந்தது. பெங்களூர்ச் சாம்பார் என்றால் ஒரு துண்டு வெல்லம் விழ வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த ருசிக்குப் பழகிய நாக்கு. “இன்னாடி, வெல்லம் தீர்ந்துபோச்சா?” என்று கேட்டால், “வெலை ஏறிப்போச்சுங்க” என்பாள். சோறு குறைந்து, முத்தே என்கிற கேழ்வரகுக் களியுருண்டை அதிகமாகியிருந்தது. ஆனால் குறையை ஈடு கட்டுகிற மாதிரி ஒன்று நடந்தது. முன்னெல்லாம் அவர் வீட்டுக்குள் வந்தால் டிவியிலிருந்து கண்ணை எடுக்காதவள், இப்போது டிவியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து, “இன்னிக்கு எப்படிப் போச்சுங்க? காலையிலேர்ந்து சொல்லுங்க” என்று கேட்டாள். தினமும் கேட்டாள். முனிகிருஷ்ணன் இதை மௌரீன் சிஸ்டரிடம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

“இந்த வயசுல பொண்டாட்டி வந்து பக்கத்துல உக்காந்து, இன்னிக்கு எப்படிப் போச்சுன்னு கேக்கறா சிஸ்டர். எவனுக்குக் கெடைக்கும்?”

“குடுத்து வெச்சவன் நீ” என்றார் மௌரீன்.

ஆண்டுக்கூட்டம் வந்தது. மண்டபம் நிறைய எல்லா ஜில்லாக்காரர்களும். காலையில் புது எஜுகேட்டர்கள் ஒவ்வொருவராகத் தாங்கள் தேற்றிய ஒரு நோயாளியைப் பற்றிப் பேச வேண்டும். நன்றாகப் பேசினவருக்குப் பரிசும், டெல்லியில் நடக்கும் பெரிய மாநாட்டுக்குப் போகிற வாய்ப்பும். மத்தியானம் தேர்தல். முனிகிருஷ்ணன் விறைத்த காலரோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். எந்தக் கேஸ் பேசப்போகிறாய் என்று பார்கவியிடம் பல தடவை கேட்டிருந்தார். “சஸ்பென்ஸ் சார்” என்று சொல்லிவிட்டிருந்தாள்.

அவள் முறை வந்தது. திரையில் ஒரு முகம் வந்தது. கண்களுக்கு மேல் கறுப்புப் பட்டை. கீழே மூக்கு, மீசை, வாய், எல்லாம் முனிகிருஷ்ணனுடையவை. சட்டை அவருடையது. குரல் அவருடையது.

“எங்கப்பன் ஒரு தம்ளர் டீக்கு மூணு ஸ்பூன் சக்கர போட்டுக் குடிச்சான்...”

மண்டபமே சிரித்தது. முனிகிருஷ்ணனும் சிரித்தார். சரியான இடத்தில் சிரிக்கிறார்கள்! கோலார்காரனும் சிரிக்கிறான், ஹாசன்காரனும் சிரிக்கிறான். கெட்டிக்காரப் பெண், பழக்கிய விதத்தையே கொண்டுவந்து வைத்துவிட்டாள். கடைசியில் பட்டையை எடுத்துவிட்டு, ‘இவர்தான் என் குரு’ என்று சொல்லப்போகிறாள். அதுதான் சஸ்பென்ஸ். எழுந்து கும்பிட வேண்டியிருக்கும் என்று அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

திரையில் எழுத்து வந்தது. பார்கவி அதை ஆங்கிலத்தில் வாசித்தாள். மிஸ்டர் எம். வயது அறுபத்து மூன்று. படிப்பு ஏழாவது. தன் நோயை ஒப்புக்கொள்ள மறுப்பவர். உடல்நலம் பற்றிய அறிவு மிகக் குறைவு.

பிறகு இரண்டாவது வீடியோ. மாமா நடக்க ஆரம்பித்ததைச் சொல்கிறார். மூன்றாவது. மாமா மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லாமல் சொல்கிறார். இவ்வளவு முரண்டு பிடித்த மனிதரை எப்படிப் படிப்படியாக வழிக்குக் கொண்டுவந்தேன் என்று அவள் விளக்கினாள். கைதட்டல். அவள் நன்றி சொன்னாள். தலைவருக்கு, மௌரீன் மேடத்துக்கு, சங்கத்துக்கு. ‘வழிகாட்டிய சீனியர்களுக்கு’ என்றும் ஒரு வார்த்தை. பட்டை கடைசி வரைக்கும் எடுபடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பின்னால் திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

டீ இடைவேளையில், கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் அவளைப் பிடித்தார்.

“என்னம்மா பண்ணிட்ட? நடிச்சதப் போய் கேஸுன்னு காட்டிட்டியே!”

பார்கவி டீ தம்ளரைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள். “நீங்க நடிக்கல சார்.”

“என்னது?”

“அன்னிக்கு மெஷின்ல வந்தத நான் பாத்தேன். பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு. நேரா சொன்னா நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரியும். அதனால மாமாகிட்டயே பேசினேன். இந்த மூணு மாசமும் நான் உங்களுக்குத்தான் சார் சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தேன்.”

முனிகிருஷ்ணன் குழாயைத் திறந்தார், மூடினார். தான் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதாகவும், அந்த அக்கறையில் அவள் வாராவாரம் தன் எதிரே வந்து உட்காருவதாகவும் அல்லவா நினைத்திருந்தார்!

“சரி, இருந்துட்டுப் போகட்டும். எனக்கு சுகர்தான். யாரக் கேட்டு இத்தன பேரு முன்னால போட்டுக் காட்டின? வாசப்படிக்கு உள்ள கேட்டது உள்ளயே இருக்கணும்னு ஒனக்குச் சொன்னனா இல்லியா?”

“கேட்டேனே சார். ஒவ்வொரு வாட்டியும் கேட்டேன். படம் எடுக்கலாமா, மத்தவங்களுக்குக் காட்டலாமான்னு. சரின்னு சொன்னீங்க.”

“அது பேஷண்ட் சொன்னதும்மா!”

“ஆமா சார். பேஷண்ட்தான சொல்லணும்.”

 அந்த வழக்கத்தை வைத்ததே அவர்தான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் சொன்னால் அது பேஷண்ட் வாக்கு என்று கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

“வேற கேஸே கெடைக்கலியா ஒனக்கு?”

அப்போதுதான் அவள் கண் கலங்கியது. “ஏழு பேரப் பாத்தேன் சார். ஒருத்தர் வீடு மாத்திட்டாரு, ஒருத்தர் போனே எடுக்கறதில்ல, ஒரு அம்மா என்ன உள்ளயே விடல. கடைசி வரைக்கும் நின்னு தேறினது நீங்க ஒருத்தர்தான். எங்க ஆபீஸ்ல இந்த மாசம் கேஸ் காட்டலன்னா வேலைய நிறுத்திடுவாங்க. ப்ளீஸ் சார்.” பிறகு, கூட்டம் உள்ளே திரும்புவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

மத்தியானம் தேர்தலுக்கு முன்னால் அது வெளியே வந்தது. ஹாசன்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “வீடியோதல்லி இத்தோரு இவரே அல்வா?” என்று கன்னடத்தில் கேட்டார். வீடியோவில் இருந்த ஆள் இவர்தானே என்ற கேள்வி ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குத் தாவித் தலைவர் காதுக்குப் போய்விட்டது. ஆராவமுதன் முனிகிருஷ்ணனையும் பார்கவியையும் மௌரீன் சிஸ்டரையும் பின்னாலிருந்த சின்ன அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

“நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்கப் போறேன். பரிசு குடுக்கணும், தேர்தல் நடத்தணும். அந்த வீடியோ நடிப்பா, நிஜமா? நடிப்புன்னா, இந்தப் பொண்ணு இல்லாத கேஸக் காட்டியிருக்கா. பரிசு கிடையாது, சங்கத்துலயும் இருக்க முடியாது. நிஜம்னா...” அவர் நிறுத்தினார். “நிஜம்னா, முனிகிருஷ்ணன், தன் வியாதிய இத்தன நாள் மறைச்ச ஒருத்தர பயிற்சித் தலைவர்னு நான் எப்படி மேடையில அறிவிக்கறது? நீங்களே சொல்லுங்கோ.”

முனிகிருஷ்ணன் பார்கவியைப் பார்த்தார். நடிப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்காலியும் அந்த வேஷமும் அல்சூரில் பழகியவர்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அவரைத்தான் நம்புவார்கள். அவள் இந்தத் தொழிலில் தலையெடுக்க முடியாது. அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தும்விட்டது. ஆனாலும் அவர் காத்தார். நிஜமோ நடிப்போ, எதையாவது முதலில் அவள் சொல்லட்டும். ‘இவர்தான் எனக்குக் கத்துக்குடுத்தவர்’ என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரட்டும். அது வந்துவிட்டால் பதவியாவது மண்ணாவது, தானே விட்டுக்கொடுத்துவிடலாம் என்றுகூட அந்த நிமிஷம் தோன்றியது.

பார்கவி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நிஜம் சார். அவரு என் பேஷண்ட்.”

அவ்வளவுதான். 

மௌரீன் சிஸ்டருக்குப் பொறுக்கவில்லை. கைப்பையைத் திறந்தார். “இதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு? முனி, வெரல நீட்டு. ஒரு சொட்டு. ஒண்ணும் இல்லன்னு காட்டிட்டுப் போய் மேடையில உக்காரு.” அந்தம்மா நல்லதுக்குத்தான் சொன்னார். இத்தனை காலம் கூட இருந்தவர். முனியைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை. கையில் மெஷினோடு அவர் நின்ற நிலையைப் பார்க்க முனிகிருஷ்ணனால் முடியவில்லை.

தன் கையைச் சட்டைப் பையில் விட்டார். சிவாஜிநகரில் வாங்கிய மாத்திரை அட்டை விரலில் பட்டது.

“வேணாம் சிஸ்டர்” என்றார்.

மௌரீன் மெஷினை மெதுவாகப் பைக்குள் வைத்தார். “முனி... எங்கிட்டகூடவா சொல்லல?” என்றார். முனிகிருஷ்ணன், “என் பேர எடுத்துடுங்க சார்” என்று தலைவரிடம் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து, மண்டபத்துக்குள் போகாமல் பக்கவாட்டு வழியாக வெளியே வந்தார். ரோட்டில் நிற்கும்போது உள்ளே கைதட்டுகிற சத்தம் கேட்டது. மௌரீன் சிஸ்டரைப் பயிற்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்த கைதட்டல் அது. சிறந்த கேஸுக்குப் பரிசு அறிவித்த கைதட்டல் கொஞ்சம் பொறுத்து வந்தது. அது முன்னதைவிடப் பலமாக இருந்தது.

நேராக அல்சூருக்குப் போனார். சாவி அவரிடமும் ஒன்று உண்டு. சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, “என்ன சார், தலைவர் ஆனதும் நாற்காலிய வீட்டுக்கே கொண்டு போறீங்களா?” என்று சிரித்தார். சட்டை நன்றாக அமைந்திருக்கிறதா என்றும் கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தார். வெயிலில், ரோட்டோரமாக, நாற்காலியைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு மர்பி டவுன் வரைக்கும் நடந்தார். தெரிந்தவர்கள் இரண்டு பேர் கேட்டார்கள். காது கேட்காதவர் மாதிரி போனார்.

சந்திரம்மா கதவைத் திறந்ததும் திடுக்கிட்டாள். “இன்னாங்க இது?”

நாற்காலியை முன்னறையில் போட்டு உட்கார்ந்தார். சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்ததைச் சொன்னார். ஊரே தெரிந்துகொண்ட பிறகு, கட்டினவளிடம் இனியும் மறைக்க என்ன இருக்கிறது?

“எனக்கு சக்கர இருக்குதுடி.”

சந்திரம்மா தலையில் அடித்துக்கொள்ளவில்லை. ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“அந்தச் சந்தாபுரா பொண்ணு வந்துதுங்க. நீங்க வேலைக்குப் போனப்பறம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினு போச்சு. சாம்பார்ல வெல்லத்த நான் எதுக்கு நிறுத்தினேன்னு நெனச்சீங்க? வெலை ஏறினா நான் வெல்லம் வாங்காத ஆளா?”

தண்ணீர்ச் சொம்பு அவர் கையிலேயே இருந்தது.

“நல்ல பொண்ணுங்க. எல்லாம் சொல்லிக்குடுத்துது. மாத்திர சாப்ட்டீங்களான்னு கேக்கக் கூடாது, கேட்டா பொய் சொல்லிடுவாரு, டிவிய நிறுத்திட்டுப் பக்கத்துல போய் உக்காந்து, இன்னிக்கு எப்படிப் போச்சு, காலையிலேர்ந்து சொல்லுங்கன்னு கேளுங்கம்மான்னுச்சு. நானும் அப்படியே கேட்டேன். நீங்களும் கொழந்த மாதிரி எல்லாத்தையும் சொன்னீங்க.”

முனிகிருஷ்ணனுக்கு மௌரீன் சிஸ்டரிடம் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னது நினைவுக்கு வந்தது. எவனுக்குக் கிடைக்கும் என்று கேட்டாரே! தினமும் சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது இவள் இல்லை. தான் பெற்றெடுத்த அந்த ஒரு வாக்கியம்தான் சந்தாபுராவிலிருந்து பஸ் ஏறி வந்து, தன் வாசப்படி தாண்டி, தன் பெண்டாட்டியின் வாயில் உட்கார்ந்திருந்தது. பார்கவி மீது கோபப்படலாம். கோபப்பட்டு, என்ன சொல்லித் திட்டுவது? அவருடைய உடம்புக்கு நல்லதைத்தானே செய்திருக்கிறாள். செய்தவர்கள் எல்லோரும் அவருக்கு நல்லதைத்தான் செய்திருக்கிறார்கள். அவரை ஒரு வார்த்தை கேட்காமல்.

“வேணும்னா இன்னிக்கு ஒரு நாள் வெல்லம் போட்டு வெக்கட்டுமா?” என்று கேட்டாள் சந்திரம்மா.

வேண்டாம் என்று தலையசைத்தார்.

அவள் அவர் சட்டையைப் பார்த்தாள். விறைத்த காலர் வியர்வையில் தொய்ந்து கிடந்தது. காலையில் இவ்வளவு ஆர்ப்பாட்டமாகக் கிளம்பிப் போனவர், மண்டபத்தில் என்ன நடந்தது என்று இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்து, நாற்காலியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூன்று மாதப் பழக்கம். வாய் தானாகவே கேட்டுவிட்டது.

“இன்னிக்கு எப்படிப் போச்சுங்க? காலையிலேர்ந்து சொல்லுங்க.”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முனிகிருஷ்ணன் சொம்பைக் கீழே வைத்தார்.  நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.